மாளிகாவத்தையில் என் பூட்டியைத் தேடி

ரொறன்ரோவில் வசிக்கும் என் மகளின் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். பாடசாலையில் வம்சமரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். தந்தை வழிப் பெட்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தாய்வழியில் நான்காவது பெட்டியில் தடங்கல்.

"அம்மப்பா, உங்கட அம்மம்மாவின்ர அம்மாவுக்கு என்ன பேர்?"

பத்திரிகைத் தொழிலில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். விபத்தில் மாண்டவர்கள், தேர்தலில் வென்றவர்கள், நீதிமன்றக் கூண்டில் நின்றவர்கள் என ஆயிரக்கணக்கானோரின் பெயரையும் வயதையும் ஊரையும் கேட்டு எழுதியிருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஆசிரியபீடத்தில் ஏச்சு வாங்கிய காலமும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "பூட்டி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். (தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: கொள்ளுப்பாட்டியை யாழ்ப்பாணத்தவர் பூட்டி என்பர்.) "கேட்டுச் சொல்லுறன்" என்று தொலைபேசியை வைத்தேன். அப்படித் தொடங்கிய தேடலின் கதை இது.

எங்கள் வீட்டிலும் ஒரு வம்சாவளி உண்டு. பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் யாரோ ஒரு பெரியவர் எழுதி வைத்தது. ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. இன்னாரின் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என்று அது இறங்குகிறது. பெண்கள் வரும் இடங்களில் "ஒரு பெண்", "பெண் மூன்று" என்பதோடு முடிகிறது. ஆண்கள் பிறக்கிறார்கள், உத்தியோகம் பெறுகிறார்கள், காணி வாங்குகிறார்கள். பெண்கள் எண்ணப்படுகிறார்கள், அவ்வளவே.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய குறையன்று. தமிழர் பெயரிடும் முறையிலேயே அதன் காரணம் இருக்கிறது. நம்மவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாக இல்லை. தந்தையின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது. ஆண்மகனைத் தேடுவோர் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தந்தையிடமும், தந்தையின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டனிடமும் போகலாம். பெண்ணுக்கோ மணமானதும் அந்த எழுத்து மாறிவிடுகிறது. கணவனின் பெயர் அவள் பெயரோடு சேர்கிறது. சில இடங்களில் அவள் பெயரின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. அவள் மகள் தந்தையின் எழுத்தோடு பிறந்து, கணவனின் பெயரோடு மறைகிறாள். தாயிலிருந்து தாய்க்கு ஏற முயல்பவன் ஒவ்வொரு படியிலும் வேறொரு வீட்டு வாசலில் நிற்க நேர்கிறது.

முதலில் நான் சென்றது சின்னம்மாவிடம். என் தாயாரின் கடைசித் தங்கை, தொண்ணூறைக் கடந்தவர், வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறார். பூட்டியைக் கண்ணால் கண்டவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. பெயரை உடனே சொல்லிவிட்டார். எனக்கு அது போதவில்லை. தொழிற்பழக்கம் விடாது. பூட்டி எப்படி இருந்தார், என்ன செய்தார் என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? வீட்டோட இருந்தவ. மாளிகாவத்தையிலை வாடகை வீடு. பூட்டன் ரெயில்வேயிலை கிளாக்கர். அவ்வளவுதான்."

"படிச்சவவோ?"

"அந்தக் காலத்திலை ஆர் படிச்சது? கைநாட்டுத்தான்."

சொல்லிவிட்டுச் சின்னம்மா பேச்சை மாற்றினார். மாற்றிய வேகம் எனக்கு உறுத்தியது. பேட்டி கொடுப்பவர் பேச்சை மாற்றும் இடத்திற்றான் செய்தி இருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

அடுத்து நான் நாடியது காணி உறுதிகளை. இங்கே யாழ்ப்பாணத்தவரின் தேசவழமைச் சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நம்மவரின் வழக்காறுகளைத் தொகுத்தார். பிரித்தானியர் 1806 இல் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். அந்த வழமையிற் சொத்து மூன்று வகை. பெற்றோர் வழி வந்தது முதுசம். மணமகள் கொண்டுவருவது சீதனம். மணவாழ்க்கையிற் சம்பாதித்தது தேடியதேட்டம். தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாக இறங்குவதே வழக்கம். அதாவது வீடும் வளவும் கிணற்றுப் பங்கும் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போயின.

ஆகவே, வம்சாவளிக் கொப்பியில் இல்லாத பெண்கள் சீதன உறுதிகளில் இருக்கிறார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு, காணி எப்படி வந்தது என்று ஆதியைச் சொல்லியே ஆகவேண்டும். யாருக்கு யார் எந்த ஆண்டில் கொடுத்தார் என்று பெயரோடு எழுத வேண்டும். நம் பெண்களின் தாய்வழி வரலாற்றை அன்பினால் எழுதி வைத்தவர் எவருமில்லை. காணியின் பேரால் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்துப் பத்திரங்களில் ஒரு பகுதி வெள்ளவத்தையில் மாமாவின் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. 1983 ஜூலையில் அந்த வீட்டோடு அதுவும் எரிந்துபோயிற்று. எஞ்சியது ஊரிலிருந்த ஓர் உறவினர் வீட்டில், பழஞ்சேலைத் துணியிற் பொதிந்து வைக்கப்பட்டிருந்த ஒரு கட்டு. இடப்பெயர்வுகளின்போது சமையற் பாத்திரங்களோடு சேர்த்து அதையும் அவர்கள் தூக்கிக்கொண்டு அலைந்தார்களாம். அந்தக் கட்டில் 1922 ஆம் ஆண்டுச் சீதன உறுதி ஒன்று இருந்தது. என் அம்மம்மாவின் திருமணத்துக்காக எழுதப்பட்டது. கொடுத்தவர் பூட்டி.

அந்த ஒரே தாளில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள். பூட்டிக்கு அந்தக் காணி 1899 ஆம் ஆண்டு உறுதியின் மூலம் அவர் தாயிடமிருந்து வந்தது. அந்தத் தாய்க்கு 1871 ஆம் ஆண்டு உறுதியின் மூலம் அவருடைய தாயிடமிருந்து வந்தது. எங்கள் கொப்பியில் "பெண் மூன்று" என்று எண்ணாக இருந்தவர்கள் தத்தம் பெயரோடு அங்கே நின்றார்கள். நான் கேட்டது ஒரு பெயர். கிடைத்தவை மூன்று.

உறுதியின் அடியில் கையொப்பங்கள். தேசவழமைப்படி மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மற்றொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பூட்டனின் ஆங்கிலக் கையொப்பம் முதலில் இருந்தது. அதன் கீழே பெருவிரல் அடையாளத்தை எதிர்பார்த்தேன். அங்கே தமிழில், சற்றுச் சாய்ந்த, பழகிய கையெழுத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக்கூட்டி எழுதியவரின் கையல்ல அது. அடிக்கடி எழுதியவரின் கை.

கைநாட்டு என்று சின்னம்மா ஏன் சொன்னார்?

இனி மாளிகாவத்தைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து வீடொன்றிலிருந்து அந்தக் காலத்தில் ஒரு பெண் மாளிகாவத்தைக்கு வந்தது எப்படி என்பதை முதலில் விளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றுக் கொழும்பிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகம் பார்க்கத் தொடங்கினர். ஆண்கள் போனார்கள், பெண்டிர் பிள்ளைகளோடு ஊரிலிருந்து கிணற்றையும் கோடியையும் வளவையும் பார்த்துக்கொண்டனர். கொழும்பிலிருந்து ஊருக்குப் போவது என்பது கப்பலும் வண்டியுமாக நாட்கணக்கில் நீளும் பிரயாணம். 1905 ஆம் ஆண்டில் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறந்தது. அதன் பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவந்து கொழும்பிற் குடித்தனம் நடத்துவது நடுத்தர உத்தியோகத்தனுக்கும் சாத்தியமாயிற்று. நம் குடும்ப வரலாறுகளில் அந்தப் பாதையைக் கட்டியது பற்றி எழுதுகிறோம்; அதில் உத்தியோகம் பார்த்த ஆண்களைப் பற்றி எழுதுகிறோம். ஊர் எல்லையைத் தாண்டாத பெண்ணொருத்தி, இடுப்பில் பிள்ளையோடு அதில் முதன்முறை ஏறியதைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் ஊரிலிருந்து அப்படி ஏறிய முதற் பெண்களில் ஒருவர் பூட்டி என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி.

பூட்டனின் கந்தோர் மருதானையில். நடந்து போகும் தூரத்தில் வாடகை மலிவான இடம் மாளிகாவத்தை. அயலில் மாளிகாகந்தை, அங்கே 1873 இல் தொடங்கிய வித்தியோதய பிரிவெனா. மறுபக்கம் மருதானையில் 1892 இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரி. மாளிகாவத்தையின் குறுக்குத் தெருக்களிலும் தோட்டங்களிலும் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களின் வீட்டுமொழி தமிழ். சிங்களம் அறியாத யாழ்ப்பாணப் பெண்ணுக்குக் கொழும்பில் வாய்திறந்து பேசத்தக்க அயல் அதுதான். இன்றைக்கு மாளிகாவத்தை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவன அடுக்குமாடி வீடுகளும், 1986 இல் கட்டப்பட்ட பிரேமதாச விளையாட்டரங்கும், பெரிய மையவாடியுமே. எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இளவயதிற் செய்தி சேகரிக்க எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். என் பூட்டி நடந்த தெரு என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நண்பர் ஒருவர் மூலம் அங்கே நான்கு தலைமுறையாக வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் அறிமுகம் கிடைத்தது. வீட்டுக்காரப் பெண்மணி எழுபது வயதுக்கு மேற்பட்டவர். தேநீரும் தொதலும் வைத்து உபசரித்தார். ரெயில்வேக் கிளாக்கர் ஒருவர், யாழ்ப்பாணத்தவர், இந்தப் பகுதியில் இருந்தாராம். கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டேன். அவருக்குக் கிளாக்கரைத் தெரியவில்லை.

"கிளாக்கர் ஒருவரும் நினைவில்லை. எங்கட உம்மும்மா ஒரு யாழ்ப்பாணத்து மருத்துவிச்சியைப் பற்றித்தான் சொல்லுவாங்க. ராவில கூப்பிட்டாலும் வருவாங்களாம். வெத்திலையும் ஒரு ரூபாயும்தான் வாங்குவாங்களாம். எங்கட வாப்பாவைப் பெத்தெடுத்ததும் அவங்க கையிலதான்."

எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய கடித உறையைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆண்டு 1911. இலங்கையில் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் பிறப்புகளும் இறப்புகளும் அரசாங்கப் பதிவுக்கு உட்பட்டன. பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் விபரமும் பெற்றோரின் விபரமும் இருப்பதை எல்லோரும் அறிவோம். கீழே தகவல் தந்தவர் யார், என்ன உரிமையில் தந்தார் என்று ஓர் இடமும் இருக்கிறது. அதை நாம் படிப்பதில்லை. தந்தை தொழில் நிமித்தம் வெளியூரில் இருந்திருக்கிறார் போலும். தகவல் தந்தவர், பிரசவத்தின்போது உடனிருந்த ஒரு பெண். அவர் பெயர் அங்கே எழுதப்பட்டிருந்தது.

1922 ஆம் ஆண்டு உறுதியில் நான் கண்ட அதே பெயர்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட சொந்தமா?" என்று கேட்டார். "என்ர பூட்டி" என்றேன். "அப்ப நீங்க எங்கட ஆள்தானே" என்று சொல்லி இன்னொரு தொதல் துண்டை என் தட்டில் வைத்தார். தன் உம்மும்மாவின் பெயர் தாங்கிய கடுதாசி தன்னிடம் வேறெதுவும் இல்லை என்று பின்னர் சொன்னார். முஸ்லிம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு இடமில்லை. அவளுக்காக வலியே ஒப்பமிடுவார். 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே விட்டது. ஆகவே அந்த 1911 ஆம் ஆண்டுப் பத்திரம் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்து. பெற்றவளின் பெயரும் பெறுவித்தவளின் பெயரும் ஒரே தாளில் இருக்கின்றன.

சின்னம்மாவிடம் திரும்பிப் போனேன். பத்திரத்தின் பிரதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். "உனக்கேன் இந்த வேலை?" என்பதுதான் முதல் வார்த்தை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பது சாதி வழக்கப்படி ஒரு சமூகத்துப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொழில். எங்கள் வீட்டார் அந்தச் சமூகத்தவரல்லர். அவர்களை வாசலுக்கு அப்பால் நிறுத்தி வைத்தவர்கள். பிரசவ நேரத்தில் உயிரை அவர்கள் கையில் ஒப்படைப்பார்கள். மறுநாள் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி கொடுப்பார்கள். 1898 இல் அமெரிக்க மிஷன் இணுவிலிற் பெண்களுக்கென ஆஸ்பத்திரி திறந்தபோது பூட்டி அங்கே உதவிக்குப் போய்வந்து வேலை பழகியிருக்கிறார். மாமியார் வீட்டில் அதனாற் பெரிய சண்டை. பூட்டன் அவரைக் கொழும்புக்கு அழைத்துக்கொண்டதற்கு ரெயில் வந்தது மட்டும் காரணமல்ல. அந்தச் சண்டையும் ஒரு காரணம். மாளிகாவத்தையில் அவர் சாதியை எவரும் கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், போனார். கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879 இலேயே திறக்கப்பட்டுவிட்டது. எனினும் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சிய பெண்களும், ஆண் வைத்தியர் முகத்தில் விழிக்கக் கூசிய பெண்களும் தோட்டங்களில் நிறைந்திருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

ஊரில் என்ன சொன்னார்கள்? வீட்டோடு இருக்கிறார் என்று சொன்னார்கள். மகளுக்குக் கலியாணம் பேசவேண்டும். பிறகு பேர்த்திகளுக்குப் பேசவேண்டும். கெட்டிக்காரி, எழுதத் தெரிந்தவள் என்றாற் கேள்விகள் வரும் என்பதற்காகக் கைநாட்டு என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அதுவே வரலாறாயிற்று. சின்னம்மாவின் திருமணத்தின்போதும் அப்படித்தான் சொல்லப்பட்டதாம். எழுபது ஆண்டுகளாக அந்தப் பொய்யைக் காத்தவர் அன்று என் முன்னால் அழுதார். அது வெட்கத்தால் வந்த அழுகையா, ஆறுதலால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட பின்னர், கொழும்புத் தமிழர் வரலாற்றில் யாவரும் அறிந்திருக்கவேண்டிய இரண்டு பெண்களை நான் புதிய கண்ணோடு பார்க்கலானேன்.

ஒருவர் டொக்டர் மேரி ரட்ணம். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் 1873 இற் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் மேரி இர்வின். மருத்துவம் கற்று, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் பெண்கள் மருத்துவப் பணிக்கெனத் தெரிவானவர். இணுவில் ஆஸ்பத்திரியும் அந்தப் பணியின் விளைவே. இலங்கைக்கு வருமுன், 1896 இல், அமெரிக்காவில் உயர்கல்வி கற்ற எஸ். சி. கே. ரட்ணம் என்ற யாழ்ப்பாணத் தமிழரை நியூயோர்க்கில் மணந்தார். தமிழனை மணந்த வெள்ளைப் பெண்ணை மிஷன் ஏற்க மறுத்துவிட்டது. தமிழரிடையே ஊழியம் செய்ய ஆள் எடுத்தவர்களுக்குத் தமிழன் கணவனாவது பொறுக்கவில்லை. அவர் கொழும்பில் தங்கி, பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1909 இல் தமிழ் மாதர் சங்கம், 1930 இல் லங்கா மகிளா சமித்தி என அவர் முன்னின்று தொடங்கியவை பல. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்ட 1958 ஆம் ஆண்டில், வினோபா பாவேயுடன் அவரும் அதைப் பெற்றார். 1962 இற் காலமானார். குமாரி ஜயவர்த்தன 1993 இல் அவரைப் பற்றி நூலெழுதியிராவிட்டால் இவற்றிற் பாதி நமக்குத் தெரிந்திராது.

மேரியைத் தம் கணக்கிலிருந்து நீக்கியது ஒரு மிஷன். பூட்டியை நீக்கியது ஒரு குடும்பம். ஒருவர் இனத்தின் கோட்டைத் தாண்டினார். மற்றவர் சாதியின் கோட்டைத் தாண்டினார். முன்னோடி என்பவர் ஏதோ ஒரு கோட்டைத் தாண்டியவர்தாம். கோட்டைக் காப்பவர்களே ஏட்டையும் எழுதுகிறார்கள். ஆகவே அத்தகையோரை அவர்களுடைய சொந்த வீட்டு ஏட்டில் தேடுவதிற் பயனில்லை. அவர்களால் நன்மை பெற்ற வேற்று வீடுகளில் தேட வேண்டும். இந்தத் தேடலில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

மற்றவர் நேசம் சரவணமுத்து. 1927 டிசம்பரில் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம், டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தது. மேரி ரட்ணமும் அந்த முயற்சியில் முக்கியமானவர். பெரியவர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் பெண்களுக்கு வாக்களிப்பதை எதிர்த்தனர். ஆணைக்குழு முப்பது வயதான பெண்களுக்கு என்று சிபாரிசு செய்தது; முடிவில் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதான பெண்கள் யாவருக்கும் 1931 இல் வாக்குரிமை கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்து யாழ்ப்பாணம் ஒதுங்கிக்கொண்டது. வடக்கின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. கொழும்பு வடக்கில் வென்ற டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து, தேர்தல் வழக்கொன்றில் ஆசனத்தை இழந்தார். 1932 மே மாதத்தில் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் நின்று வென்றார். 1931 இறுதியில் அட்லின் மொலமுறே தெரிவானதன் பின், அரசாங்க சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். முதலாவது தமிழ்ப் பெண்ணும் அவரே. பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த தொகுதியில் 1936 இல் மீண்டும் வென்று, 1941 ஜனவரியில் இறக்கும்வரை உறுப்பினராயிருந்தார்.

அந்த நாட்களில் பூட்டி குடும்பத்தார் மாளிகாவத்தையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டனர். அதாவது கொழும்பு வடக்குத் தொகுதிக்கு. ஐம்பது வயதில் அவர் வாக்குப் போடப் போனதை அம்மம்மா கதையாகச் சொல்வாராம். சின்னம்மா சொன்னார்: "பூட்டன் போகேல்லை, வெயில் எண்டு. பூட்டி குடையைப் பிடிச்சுக்கொண்டு தனிய நடந்து போனவ. பொம்பிளை ஒராள் நிக்கிறா, நான் போகாட்டி ஆர் போறது எண்டு கேட்டவவாம்."

மாளிகாவத்தையிலிருந்து சிறிது தூரம் பொரளைப் பக்கம் போனால் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் இருக்கிறது. 1982 இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய இடம். அதற்குப் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர். அவர் நேசத்தின் கணவருடைய சகோதரர். கணவர் இரத்தினசோதியோ 1937 இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர். கிரிக்கெட் பார்ப்பவர் யாவருக்கும் மைத்துனரின் பெயர் தெரியும். நேசம் சரவணமுத்து யார் என்று நான் சந்தித்த பத்து இளைஞரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டசபையில் ஒன்பது ஆண்டுகள் அமர்ந்தவரின் நிலை இது என்றால், மாளிகாவத்தைத் தோட்டங்களில் விளக்கும் கையுமாய் நடந்தவரைக் குடும்பம் மறந்ததில் வியப்பென்ன?

உலகின் பல திசைகளிலும் சிதறியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1983 இல் கொழும்பு வீடுகளோடு குடும்பப் பத்திரங்கள் எரிந்தன. பின்வந்த போரில் இன்னும் எவ்வளவோ போயின. ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. உங்கள் தாயின் சீதன உறுதியை எடுத்து, காணியின் ஆதி எழுதியிருக்கும் பந்தியைப் படியுங்கள். பிறப்புப் பத்திரத்தின் அடியில் தகவல் தந்தவர் யார் என்று பாருங்கள். கோயில் உபய விபரங்களையும் தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளையும் மிஷன் பாடசாலை இடாப்புகளையும் பாருங்கள். வீட்டிலிருக்கும் முதியவரிடம் இன்றே கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினாற் கோபிக்க வேண்டாம். சிறிது காலம் கழித்துத் திரும்பவும் கேளுங்கள்.

பூட்டியின் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் செய்த தொழிலை எழுதுவதற்குச் சின்னம்மா சம்மதித்தார். "பேரை மட்டும் போடாதை. நான் போனாப் பிறகு போடு" என்றார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த அச்சம் எங்கள் வீட்டை விட்டு முற்றாகப் போகவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் தொண்ணூறு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது.

ரொறன்ரோவுக்கு மட்டும் அந்தப் பெயரை அனுப்பினேன். கூடவே அவர் தாயின் பெயரையும், தாயின் தாயின் பெயரையும் அனுப்பினேன். பேர்த்தி பாடசாலைத் தாளின் மேல் விளிம்பில் இன்னொரு தாளை ஒட்டி, இரண்டு பெட்டிகளைக் கூடுதலாக வரைந்து, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நான்காவது பெட்டியில் பெயருக்குக் கீழே தொழில் என்று ஓர் இடம். அதில் அவளாகவே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: மருத்துவிச்சி, மாளிகாவத்தை.

அந்தப் படத்தைச் சின்னம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். "வடிவா எழுதியிருக்கிறாள்" என்றார்.